மேப்பில் சிவப்புக் கோடு போடுவது செயற்கைக்கோள் கேமரா அல்ல

"வேலூர் கிரீன் சர்க்கிளில் நெரிசல் என்று கூகுள் மேப்ஸ் காட்டுவது, மேலே செயற்கைக்கோள் நேரலையாகப் படம் பிடிப்பதால்தான், மேகம் மூடினால் தப்பாகக் காட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை சிக்னலை அனுப்புகின்றன, அவ்வளவுதான், சாலையைப் பார்ப்பதில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது உங்கள் போன். லொகேஷன் ஆன் செய்த பல போன்கள் பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்தால், அந்த வேகம் கூகுளுக்குப் போய், பெயரில்லாமல் தொகுக்கப்பட்டு, மேப்பில் காட்பாடி சாலை சிவப்பாகிறது. மேகத்துக்கு இதில் வேலையே இல்லை.

2020இல் ஜெர்மானியக் கலைஞர் சைமன் வெக்கர்ட் 99 போன்களைச் சின்னத் தள்ளுவண்டியில் போட்டு, பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துப் போனார். காலியான தெரு மேப்பில் சிவந்தது! மேலிருந்து கேமரா பார்த்திருந்தால் இந்தக் குறும்பு பலித்திருக்குமா?

சரி, "இன்னும் 25 நிமிடம்" என்று முன்கூட்டியே சொல்வது எப்படி? இப்போதைய வேகத்தோடு, இதே கிழமையில் இதே நேரத்தில் அந்தச் சாலை முன்பு எப்படி இருந்தது என்ற பழைய தரவையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். அதனால் திடீரென்று ஊர்வலம் கிளம்பினால் கணிப்பு கொஞ்ச நேரம் தடுமாறும். போன்கள் அதிகம் போகாத சந்துகளில் நிறமே வராது. அதை வைத்து வழி காலி என்று நினைத்துக் காரை விடாதீர்கள்.