99-ஆம் நாளிலிருந்து பிள்ளையிடம் யார் பேசுகிறார்கள்?

பள்ளி திறக்கும் நேரம் வந்தால் போதும். இந்த வருடம் எந்தத் தமிழ்ப்பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எல்லார் முகநூலிலும் வந்துவிடும். நானும் பகிர்ந்திருக்கிறேன், கவலைப்பட்டிருக்கிறேன். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 26 வருடம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றாம் ஆண்டு வாசலில் நின்று நாம் எண்ணுகிற அந்தப் பிள்ளை, பேசக் கற்றது நம் கண்ணில் படாத ஓர் இடத்தில். யாரோ ஒரு பாட்டி வீட்டு முன்கூடத்தில்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, பெயர் கொடுக்கப் போகும் அம்மா, போகிற வழியில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரக் காட்டுக்குள் போவார். எனக்கு என் ஆயாவின் முகம் நினைவில்லை. ஆனால் தம்பி அங்கே இருந்தபோது எனக்கு ஏழு வயது. பள்ளி விட்டதும் நேரே அங்கே ஓடுவேன். வரிசையாகத் தூளி. ஒன்றைக் காலால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றுக்குச் சோறு ஊட்டுவார் ஆயா. வாய் மட்டும் ஓயாது. "என்னாடா பார்க்கிற? ஒங்கம்மா பால் எடுத்துட்டு வந்துருவா. அதோ பாரு, சேவலு!" என்று, பதில் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பதில் வந்ததுபோலவே பேசிக்கொண்டிருப்பார்.

அந்தக் கொட்டகையைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரே கிழவி, இருபது பிள்ளைகள், மூக்கொழுகல், பூச்சித் தொல்லை. புட்டியில் தண்ணீர் கலந்த டின் பால். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இனிப்பு டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று சொல்லி விற்பது கொலைக்குச் சமம் என்று 1939-லேயே சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசியிருக்கிறார். அவ்வளவு காலம் கழித்தும் எங்கள் தோட்டத்தில் அதே பால்தான் ஓடியது. உடம்புக்குக் குறைவைத்த இடம் அது. பேச்சுக்கு மட்டும் குறைவைக்கவில்லை.

இப்போது ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. லயம் போய் தாமான் என்ற குடியிருப்பு வந்துவிட்டது. அம்மா இருட்டோடு ஈப்போ பக்கம் பேக்டரி பஸ் ஏறுகிறார். 2023 சனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது, நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 நாளில் பிள்ளைக்கு மூன்று மாதம் தாண்டியிருக்கும். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, "ங்கா" என்று சொல்லிவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கிற பருவம். சரியாக அந்த நேரத்தில் பிள்ளை கை மாறுகிறது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

கை மாறி யாரிடம் போகிறது? 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் தாஸ்காவாக, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையமாக, பதிய வேண்டும். எங்கள் தாமானில் பிள்ளை பார்ப்பவர்களிடம் இருப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று. சட்டம் அவர்களைக் கேட்பதில்லை, பயிற்சிக்கு அழைப்பாரும் இல்லை. நம் சமூகமும் அவர்களை ஆசிரியர் வரிசையில் வைத்ததில்லை. "சும்மா வீட்டுல இருக்காங்க, பிள்ளை பார்க்கிறாங்க" என்கிறோம். அது சும்மா இருப்பதா?

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா, அறுபது தாண்டியவர், பாசக்காரர். ஒன்பது மாதப் பிள்ளை மடியில், எதிரே கைப்பேசியில் பாட்டு. "கொஞ்சம் பேசுங்கக்கா அவன்கிட்ட" என்றேன். "என்னாத்த பேசறது டீச்சர்? அதுக்கு என்னா வெளங்கும்?" என்றார். மனதாரக் கேட்ட கேள்வி. அதனால் சிரிக்காமல் உட்கார்ந்து பதில் சொன்னேன்.

1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்பவர் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்க வைத்தார். நமக்கும் உள்ள அதே வேறுபாடு. ஆறு, எட்டு மாதத்தில் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. காதில் விழாத ஒலியை மூளை தள்ளி வைக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு கற்கவே முடியாது என்பதில்லை, ஆனால் சிரமம் கூடும். 2003-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 முறை மாண்டரின் கேட்க வைத்தார்கள். நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியவரிடம் குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்றன. அதே ஆள், அதே பேச்சு, திரையில் வந்தபோது ஒன்றும் ஒட்டவில்லை. தமிழ்ப் பாட்டாகவே இருந்தாலும் கைப்பேசி அந்த அக்காவுக்கு ஈடாகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லிவிட்டது.

பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, அக்குள்வரை நண்டு ஊர விடுவோமே, அதை யோசித்துப் பாருங்கள். நண்டு எப்போது வந்து சேரும் என்று பிள்ளை மூச்சை அடக்கி நம் கண்ணையே பார்க்கும். அடுத்து வரப்போவதை எதிர்பார்ப்பது, முறை வரக் காத்திருப்பது, முகத்தைப் படிப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கிய எந்த விளையாட்டுப் பொருளிலும் இவ்வளவு இருந்ததில்லை.

இன்னொன்றும் வருத்தம். 18 மாதத்தில் கிளினிக்கில் பிள்ளையின் வளர்ச்சி பற்றி ஒரு பாரம் (படிவம்) கொடுப்பார்கள். கூப்பிட்டால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேட்கும். மிஸ்ஸி (தாதி) திட்டுவாரோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நான்கு வயதில் என் வகுப்புக்கு வந்த ஒரு பையன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். அந்தப் பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அவனுக்கு இரண்டு வருட உதவி கிடைத்திருக்கும். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவரையும் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். பதில் அவரிடம்தான் இருக்கும்.

தே ஓவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதையும் விடுங்கள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது, இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சியும் தளரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த முட்டை, மீன், பருப்பு. ஒரு வயதுவரை நாக்கில் தேன் தடவ வேண்டாம், சேனை வைக்கும் சடங்கிலும்கூட.

டியூஷனுக்குக் கொடுக்கிற காசை யோசிக்காமல் கொடுக்கிறோம். பிள்ளை பார்ப்பவருக்கு இருபது வெள்ளி கூட்டித் தர மாதக் கணக்கில் பேரம் பேசுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் தாமானில் பிள்ளை பார்ப்பவர்கள் ஐந்து பேர். அவர்களோடு உட்கார்ந்து இதையெல்லாம் பேச, கோயில் மண்டபத்தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை கேட்டிருக்கிறேன், தலைவர் சரி என்றிருக்கிறார். ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருவரும் வருகிறேன் என்றார். பாய், தண்ணீர், பசியாற இட்லி நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையை யாரிடம் விட்டு வருவது என்று யோசிக்க வேண்டாம், தூக்கிக்கொண்டே வாருங்கள்.