ஆ. மாதவனைப் படித்துவிட்டுச் சாலைத் தெருவுக்கு வாருங்கள்

எழுத்தாளரின் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது வீட்டை. பிறந்த வீடு எது, எழுதின மேசை இருக்கிறதா, சிலை வைத்திருக்கிறார்களா என்பார்கள். திருவனந்தபுரம் வருகிற இலக்கிய நண்பர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். நகுலன் இருந்த கௌடியார் வீடு எங்கே? புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று கண்மூடியது எந்த இடம்? மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பேரூர்க்கடை பங்களா எந்தப் பக்கம்? கேட்கட்டும், நல்ல கேள்விகள்தான். ஆனால் இந்த நகரத்தை ஒரு தமிழ் எழுத்தாளர் வழியாகக் காட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் நேராகச் சாலைக் கம்போளத்துக்குத்தான், அதாவது சாலைக் கடைத்தெருவுக்குத்தான் கூட்டிப்போவேன். அங்கே ஒரு பாத்திரக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தபடியே ஒரு தெரு முழுவதையும் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் ஆ. மாதவன்.

1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழைப் பத்திரிகைகள் வழியாகத் தானே வாசித்து வளர்த்துக்கொண்டார். திராவிட இயக்க இதழ்களின் சூடு அவருடைய தொடக்க காலத்தில் உண்டு, பிறகு அதைத் தாண்டி வந்துவிட்டார். சாலையில் 'செல்வி ஸ்டோர்ஸ்' நடத்தினார். 2021 ஜனவரி 5 அன்று காலமானார். வாழ்க்கைக் குறிப்பு என்று எழுதினால் இவ்வளவுதான் வரும். பெரிய பதவி இல்லை, வெளிநாட்டுப் பயணம் இல்லை, மேடை முழக்கம் இல்லை. வாழ்க்கை சின்னதாகத் தெரியும், தெரு அவ்வளவு பெரியது.

கிழக்கேகோட்டையில் தொடங்கி ஆர்யசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை நடந்தால் ரெண்டு கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் வெற்றிலை, கருப்பட்டி, நாட்டு மருந்து, கயிறு, துணி, பித்தளை, மசாலா, தோவாளைப் பூ எல்லாம் உண்டு. முகப்பில் மலையாளப் பலகை. உள்ளே கல்லாவில் இருப்பவர் பேசுவது, பல கடைகளில், நெல்லைத் தமிழ் அல்லது எங்கள் குமரித் தமிழ். சந்துக்குள் திரும்பினால் லாரி நிற்கும், மூட்டை இறங்கும், வழி விடச் சொல்லி ரெண்டு மொழியிலும் கத்துவார்கள்.

இந்தக் கம்போளத்தை உண்டாக்கிய ராஜா கேசவதாஸ் எங்கள் விளவங்கோடு தாலூகா குன்னத்தூர்க்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சிறுவயதில் ஒரு வியாபாரியின் கடையில் கணக்கு எழுதியவர், 1789இல் திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்தார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. அரண்மனையில் பிறந்த ஒருவருக்கு இப்படி ஒரு கடைத்தெரு தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கடையில் நின்ற ஒரு பையன் கட்டிய தெருவை, இருநூறு வருஷம் கழித்துக் கடையில் இருந்த இன்னொருவர் எழுதினார். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

போகிறவர்கள் காலையில் போங்கள். மத்தியானம் போனால் சாமான் வாங்கும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், தெருவைச் சுமக்கிறவர்களைப் பார்க்க முடியாது. விடிந்தும் விடியாமலும் தமிழ்நாட்டில் இருந்து காய்கறி லாரிகள் வந்து நிற்கும். சும்மாடு சுற்றிய தலைமேல் ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கி வைக்க, மூன்றாமவர் கழுத்தை அசைக்காமல் இடுப்பை மட்டும் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி, ஈரச் சந்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போவார். நின்று பார்த்தால் தெரியும், அவருடைய கண் தரையில் இருக்காது, எதிரே வருகிறவரின் தோளில் இருக்கும். இன்று அவர்களுக்குச் சங்கம் உண்டு, கூலி விகிதம் உண்டு, 1978இல் வந்த சுமட்டுத் தொழிலாளர் சட்டம் உண்டு. மாதவனின் கதைகளில் வரும் பலர் இது எதுவும் கைக்கு எட்டாத காலத்து ஆட்கள். சுமைகூலிகள், சில்லறைத் திருடர்கள், உடம்பை விற்றுப் பிழைக்கும் பெண்கள், ஓட்டல் எச்சிலை நம்பிக் கிடப்பவர்கள். அவர்களுக்காக அவர் கண்ணீர் விடுவதில்லை. தீர்ப்பும் சொல்வதில்லை. 'எட்டாவது நாள்' குறுநாவலில் சண்டியனாகத் திரிந்து ஓய்ந்துபோன சாளைப் பட்டாணியைப் படித்தவர்கள் இந்தச் சந்துகளில் எந்தக் கிழவரையும் சாதாரணமாகக் கடந்து போக மாட்டார்கள்.

ஒரு கடைக்காரரால் மட்டுமே இப்படி எழுத முடியும் என்பது என் எண்ணம். வழிப்போக்கனுக்கு ஒரு முகம் ஒரே ஒரு தடவைதான் தெரியும். வீட்டுக்குள் இருந்து எழுதுகிறவருக்கு நினைவில் தங்கிய முகங்கள் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கு அதே ஆள் சின்னப் பையனாக வந்து நின்றதும் தெரியும், கல்யாணத்துக்கு அண்டா வாங்கியதும் தெரியும், அதே அண்டாவை விற்க வந்து தலை குனிந்து நின்றதும் தெரியும். பேரம் பேசும்போது மனிதர்கள் காட்டும் முகம் கோயிலிலும் காட்டாத முகம். அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதவும் தெரிந்தவராக இருந்தது தமிழின் பாக்கியம்.

பாத்திரக்கடைகளில் ஒன்றில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஓணத்துக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. உருளி என்கிற அகன்ற வெண்கலப் பாத்திரம் வாங்க வந்த அம்மா அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார், பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். ஓசை நீண்டு நின்றால் முகம் மலரும். தராசில் ஏற்றி எடை சொன்னதும் பேரம். விலை படிந்தால் பெயர் வெட்டுவது. கடையின் ஓரத்தில் அதற்கென்றே ஒருவர் இருப்பார். பெயரை மலையாளத்தில் வெட்டவா தமிழிலா என்று அவர் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா யோசிக்காமல், "மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளத்திலேயே போடுங்க" என்று தமிழில் சொன்னார்.

அந்தக் கடைக்காரரிடம்தான் மாதவனைப் பற்றி விசாரித்தேன். "செல்வி ஸ்டோர்ஸ் மாதவன் அண்ணாச்சியா? தெரியாம இருக்குமா? கதை எழுதுவாருன்னு தெரியும். நான் ஒண்ணும் வாசிச்சதில்ல தம்பி" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்மேல் என்ன குற்றம்? அவர் தெருவைப் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தால் அது அவர் கைக்கு வர எந்த வழியை நாம் வைத்திருக்கிறோம்?

இங்கே 1956ஐப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலூகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அந்தப் போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லை களியக்காவிளையில் விழுந்தபோது அந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழர்களை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாதவனுக்கு அப்போது 22 வயது. அவர் எங்கேயும் போகவில்லை. கடையும் அங்கே, வாழ்க்கையும் அங்கே. தமிழ்நாட்டுக்கு அவர் கேரளத்து ஆள், கேரளத்துக்கு அவர் தமிழ் எழுத்தாளர். இரண்டு அரசுகளும் இன்னொரு அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்ட ஒருவராகவே அவரை நான் பார்க்கிறேன்.

வாசகர்கள் முந்திக்கொண்டார்கள். வாசகர்கள் தொடங்கிய விஷ்ணுபுரம் விருதின் முதல் விருது 2010இல் அவருக்குத்தான். சாகித்திய அகாதெமி 2015இல் வந்தது, அவருக்கு 81 வயதில். அதுவும் 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. கதைகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும், எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கொடுத்திருக்க வேண்டும். மலையாளத்தில் இருந்து 'இனி நான் உறங்கட்டும்', 'யட்சி' என்று நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர். ரெண்டு மொழிக்கும் நடுவே இவ்வளவு வேலை செய்தவருக்கு ரெண்டு மொழியும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டாமா?

சாலையை முடித்ததும் கரமனைப் பாலம்வரை போய் நின்று ஆற்றைப் பாருங்கள். 'புனலும் மணலும்' 1974இல் வந்த நாவல். ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி, அவன் மனைவிக்கு முதல் கணவன் வழி பிறந்த பங்கி, அந்தப் பெண்மேல் அவனுக்கு இருக்கும் தீராத வெறுப்பு, இதுதான் கதை. ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் சட்டம் கொண்டுவந்தது 2001இல். ஆற்றின் அடிமடியில் கைவைத்துப் பிழைக்கும் வாழ்க்கையை அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே ஒரு கடைக்காரர் எழுதிவிட்டார். இந்த நகரத்தின் பழைய கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு அங்குசாமி வகையறாவின் நினைவு வரும்.

நேரம் இருப்பவர்கள் நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவலையும் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் நடக்கலாம். அனந்தன் நாயர் பத்மநாபசுவாமி கோயிலில் தொடங்கி நகரம் முழுக்க அலைவார். அது தனியாக ஒரு நாள் எடுக்கும்.

நவராத்திரி சமயத்தில் வந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி அம்மனும், குமாரகோயிலில் இருந்து முருகனும், சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவார்கள். முருகன் தங்குவது ஆர்யசாலைக் கோயிலில், அதாவது மாதவனின் தெருப் பக்கமே. எல்லையில் ரெண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்பி வைக்கும். சாமிகளுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு எழுத்தாளருக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கேரளத்துக்கு இது தெரியாத வித்தை அல்ல. பாலக்காட்டுப் பக்கம் தஸ்ராக்கில் மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் நாவல் நடந்த இடத்தை எவ்வளவு அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். தோன்னக்கல்லில் கவிஞர் குமாரனாசானுக்கு நினைவிடம், தகழி ஊரில் நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளைக்கு. சாலைக் கம்போளத்தைப் பாரம்பரியத் தெருவாக்கவும் சுற்றுலாத் துறை திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் ஆர்யசாலை முக்கில் ஒரு பலகைக்கு இடம் ஒதுக்கட்டும். மலையாளத்திலும் தமிழிலும் அவர் பெயர், அவர் எழுதிய தெரு இது என்று ஒரு வரி, கதைகளில் இருந்து ஒரு பத்தி. திருவனந்தபுரம் தமிழ் அமைப்புகள் கேட்க வேண்டும், தமிழ்நாட்டு அரசு கடிதம் எழுத வேண்டும். பெரிய செலவு இல்லை.

குமரி மாவட்ட ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் கூட்டிப்போகிறீர்கள். மியூசியம், மிருகக்காட்சிசாலை, வேளி, கோவளம். பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கட்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் வகுப்பில் மாதவனின் ஒரே ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வயதுக்கு ஏற்றதாக நீங்களே தேர்ந்தெடுங்கள், எல்லாக் கதையும் பிள்ளைகளுக்கு ஆகாது. பிறகு பஸ்ஸைக் கிழக்கேகோட்டையில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சாலைக்குள் நடக்க விடுங்கள், கிள்ளிப்பாலத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும்.