அட்டைப்பெட்டியில் மட்டும் எரியும் சோலார் விளக்கு

நேற்று ராத்திரி காற்றும் மழையுமாக அடித்ததில் கரண்ட் போய்விட்டது. எனக்குப் பதற்றமே இல்லை. "சோலார் லைட் இருக்கு, பயப்படாதீங்க" என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு, எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தேன். நாற்பது நிமிஷம்தான். முதலில் மங்கியது, பிறகு இழுத்து இழுத்து மூச்சு விடுவது போல எரிந்தது, அப்புறம் போயே போய்விட்டது. மூன்று நாள் ஜன்னலோரம் காயப்போட்ட விளக்கு! கடைசியில் அலமாரி மூலையில் கிடந்த பாதி மெழுகுவத்திதான் மானத்தைக் காப்பாற்றியது.

பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறான் தெரியுமா? 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியாம். 6 மணி நேர வெயிலில் முழு சார்ஜாம். காலையில் ஆத்திரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிரித்துவிட்டேன். உள்ளே 18650 என்கிற ஒரே ஒரு லித்தியம் செல். அளவு பெயரிலேயே இருக்கிறது: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்தக் குப்பிக்குள் பேர்பெற்ற கம்பெனிகளே 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் அடைக்கின்றன. இவன் மட்டும் 9900-ஐ எப்படித் திணித்தான்? நல்ல செல் என்றால் 45 கிராம் பக்கம் எடை இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 28 கிராம்.

சரி, 9900 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 36 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் 36 மணி நேரம் ஏற்ற வேண்டிய சக்தி. விளக்கின் தலையில் இருக்கும் பேனல் உள்ளங்கை அகலம், 10 செ.மீ.க்கு 6 செ.மீ. உச்சி வெயில் செங்குத்தாக அடித்தாலும் அதிலிருந்து ஒரு வாட்டுக்கு மேல் பெரிதாக வராது. அப்படியென்றால் 36 மணி நேர உச்சி வெயில் வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 6 மணி நேரமாம்! பொய் சொல்வதுதான் சொல்கிறான், ஒரு பொய்யை இன்னொரு பொய்யோடு ஒத்துப்போகிற மாதிரியாவது சொல்லக் கூடாதா?

என் மேலும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. வாங்கி ஒரு தடவை எரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே காலி பேட்டரியோடு மாதக்கணக்கில் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். லித்தியம் செல்லைக் காலியாகப் போட்டு வைத்தால் அது செத்துக்கொண்டே வரும். அப்புறம் ஜன்னல். கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்குகிறது, அதைவிட மோசம், வெயில் நேராக விழுவதே ஒன்றிரண்டு மணி நேரம்தான். கம்பி நிழல் வேறு. பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலே மொத்தமும் சுருண்டுவிடும். ஆனால் இதில் ஒரு வரியாவது அந்தப் பெட்டியில் இருக்கிறதா? சிரித்த முகத்தோடு கூடாரம் போட்டிருக்கும் குடும்பத்தின் படத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது!

கரண்ட் கம்பியே போகாத இடத்தில் இதை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எனக்கு ஒரு ராத்திரி. அவர்களுக்குத் தினமும். மழைக்காலத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மூட்டம் போட்டால் என்ன செய்வார்கள்? விளக்கு எப்போது தேவையோ அப்போதுதான் வெயில் இருக்காது. பேட்டரி பெரிதாக இருக்க வேண்டும், அதை நிரப்புகிற அளவுக்குப் பேனல் தனியாக, வெளியில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இவனோ இரண்டையும் சுருக்கிவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருக்கிறான்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டால், பிரித்துவிட்டதால் வாரண்டி செல்லாதாம். பிரிக்காமல் எப்படி ஐயா கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் விடக் கடுப்பு அந்தச் சிவப்புப் பொட்டு. 'சார்ஜ் ஆகிறது' என்று காட்டுகிற குட்டி விளக்கு. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நேர் வெயில் ஒரு லட்சம் என்றால், வீட்டு ட்யூப்லைட் அடியில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். அதற்கே அது பளிச்சென்று எரிகிறது. அதைப் பார்த்துத்தான் மூன்று நாளும் நான் ஏமாந்தேன். கரண்ட் வந்துவிட்டது, செல்லைத் திரும்பப் பொருத்தி மேசை மேல் வைத்திருக்கிறேன். வெளியே இன்னும் மழை. பொட்டு எரிகிறது.