கேமரா ஷட்டர் ஒட்டினால் எண்ணெய் விடலாமா?

"பழைய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் மெதுவாகத் திறந்தால், பிளேடு மேல் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள், சரியாகிவிடும்" என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

லென்ஸுக்குள் இருந்து, படம் எடுக்கும்போது திறந்து ஒளியை விட்டு மூடும் கதவுதான் லீஃப் ஷட்டர். அதன் பிளேடுகள் எண்ணெய் இல்லாமல் உலர்ந்தே ஓட வேண்டியவை. மிக மெல்லிய தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். நடுவில் எண்ணெய் புகுந்தால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் போல ஒட்டிக்கொள்ளும். 1/500 நொடியில் திறந்து மூட வேண்டியது பாதியில் நின்றுவிடும். எண்ணெய் விட்டவுடன் சில சமயம் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெரும்பாலும் கோளாறே, பழைய கிரீஸ் பிளேடு வரை பரவிப் பிசினாகிப் போனதுதான். அதைக் கழுவி எடுக்க வேண்டும். பழுது பார்ப்பவர்கள் லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவால் துடைப்பார்கள். சட்டென்று தீப்பற்றும் திரவம், கவனம்.

சரி, பாகமே தேய்ந்திருந்தால்? 1 நொடி, 1/2 நொடி போன்ற வேகங்களை ஒரு குட்டிப் பல்சக்கர வரிசை கட்டுப்படுத்துகிறது. வேகத்தை 1 நொடியில் வைத்து, கேமராவைக் காதருகே பிடித்து ஷட்டர் பொத்தானை அழுத்துங்கள். சீரான 'கிர்ர்' சத்தம் கேட்க வேண்டும். சுத்தம் செய்த பிறகும் திக்கினால், பல் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். தேய்ந்த பல்லை எண்ணெய் வளர்த்துத் தராது. அதே ஷட்டர் உள்ள வேறொரு பழுதான கேமராவிலிருந்து பாகத்தை எடுத்து மாற்றுவதுதான் வழக்கமான வழி. அப்போதும் சக்கரத்தின் அச்சுக்கு மட்டும், ஊசிமுனை அளவு வாட்ச் எண்ணெய் போதும்.