ஏற்காடு போக ஜீப் எதற்கு?

சேலத்தில் கையில் நாலு காசு சேர்ந்ததும் கார் விஷயத்தில் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, "அடிக்கடி ஏற்காடு போறோம், மலை ரோடு, அதனால மகிந்திரா தார், இல்லைன்னா ஃபார்ச்சூனர்" என்னும். இன்னொரு கட்சிக்கு ஆயுசில் ஒரு தடவையாவது பி.எம்.டபிள்யூவோ பென்ஸோ வாசலில் நிற்க வேண்டும். என் மச்சான் காலையில் முதல் கட்சி, ராத்திரி இரண்டாம் கட்சி. குடும்ப வாட்ஸப் குரூப்பில் இதே பஞ்சாயத்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நான் எழுதினால் நடுவில் யாராவது குட்மார்னிங் படம் போட்டுவிடுவார்கள், அதனால் இங்கே.

முதலில் ஏற்காட்டுக் கதையை முடித்துவிடலாம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. அதில் அரசு பஸ் நாள் முழுக்க ஏறி இறங்குகிறது, பழைய ஆம்னி வேனில் காய்கறி போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆல்டோவில் அஞ்சு பேர் அடைந்துகொண்டு போகிறார்கள். பஸ் போகிற ரோட்டுக்கு ஃபோர் வீல் டிரைவ் எதற்கு மச்சான்? தார், மாருதி ஜிம்னி, ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் எல்லாமே தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் பவர் கொடுக்கும் வகை. காய்ந்த ரோட்டில் அதைப் போடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, கியர் செட் முறுக்கிக்கொள்ளும். ஆக, அத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய நாலு சக்கர பவரைச் சும்மா சுமந்துகொண்டு, பின் சக்கரத்தின் பலத்திலேயேதான் மேலே போகப் போகிறோம்.

இன்னொன்று சொன்னால் ஜீப் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வரும். அந்த வளைவுகளில் சொகுசு வண்டிதான் நன்றாகப் போகும். ஜீப் வகை வண்டிகளில் லாரி மாதிரி அடியில் ஒரு சேஸ், அதன் மேல் தனியாகப் பாடி. எடை அதிகம், உயரமும் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து நிமிரும், பத்தாவது வளைவுக்குள் பின் சீட்டில் குழந்தை கவர் கேட்கும். பாடியும் சேஸும் ஒன்றாகவே செய்த பி.எம்.டபிள்யூ எக்ஸ் ஒன், பென்ஸ் ஜி.எல்.ஏ. மாதிரி வண்டிகள் தாழ்வாக, ரோட்டோடு ஒட்டித் திரும்பும். இறங்கும்போது எந்த வண்டியானாலும் இரண்டாவது கியரில் விட்டு இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள விடணும், அவ்வளவுதான். டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்களின் வண்டி ஒன்று அடிவாரத்தில் கருகின வாசனையோடு ஓரமாக நிற்பதை எந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனாலும் பார்க்கலாம். அதில் தாரும் உண்டு.

மழைக்கு ஜீப்தான் பாதுகாப்பு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அன்றைக்கு ஜீப்காரரும் கீழேதான், ஆல்டோக்காரரும் கீழேதான்.

ஜீப் நிஜமாகவே வேண்டியது நாகலூர்ப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குள் இறங்கும் மண் பாதைகளில். காபி பறிக்கிற மாதங்களில் போய்ப் பாருங்கள், பாதி பெயின்ட் போன பழைய மகிந்திரா ஜீப் ஒன்று, பின்னால் மூட்டை, மூட்டை மேல் ஆள், பனி ஈரத்தில் வழுக்கும் செம்மண் ஏற்றத்தில் உறுமிக்கொண்டே ஏறும். அங்கே தோட்டம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்களுக்கே தெரியும். மச்சானுக்கு இருப்பது ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீடும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையும்தான்.

அப்போ சொகுசு வண்டியா? அதிலும் அவசரப்பட வேண்டாம். நண்பர் ஒருவரிடம் ஜெர்மன் வண்டி இருக்கிறது, பெங்களூர் ரோட்டில் அதில் உட்கார்ந்து போவது சொர்க்கம், பொய் சொல்லவில்லை. தொப்பூர் இறக்கத்தில்கூட நடுக்கம் இல்லாமல் போகும். ஆனால் அதே மனிதர் லீ பஜாருக்குப் புறப்பட்டால் ஸ்கூட்டியை எடுக்கிறார். லாரியில் மூட்டை இறக்குகிற இடத்தில் அந்த வண்டியை நிறுத்த அவருக்கு மனசு வராது. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஐம்பது லட்சம் கொடுத்து அந்த வண்டிக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், சம்பளமும் இல்லை. சைடு உயரம் குறைந்த டயர், பள்ளத்தில் ஓரமாக இறங்கினால் டயரோடு ரிம்மும் போகும். அந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. சர்வீசுக்குக் கோயம்புத்தூர் அனுப்புகிறார். அப்புறம் வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ரோடு டாக்ஸ் 20 சதவீதம். ஐம்பது லட்சத்துக்குப் பத்து லட்சம் அதற்கே போகிறது. அந்தப் பணத்தில் இன்னொரு கார் வாங்கலாம், அதுவும் பஜாருக்குள் போகிற கார்.

தினசரி ஓட்டுகிற வண்டிக்கு நான் பார்ப்பது கிளியரன்ஸும் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) இல்லை, சன்ரூஃபும் இல்லை, அகலம். முதல் அக்ரகாரத்தில், செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில், எதிரே தட்டு வண்டி வரும்போது கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைகிறோமே, அங்கே ஒரு ஜாண் அகலம் என்பது பெரிய விஷயம். மகிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியின் அகலம் 1917 மில்லிமீட்டர், எக்ஸ் ஒன் 1845, தார் 1820. ஜிம்னி 1645. நான் ஓட்டுவது ஜிம்னி, அதனால் பாரபட்சம் இருக்கும்தான், இருக்கட்டும். அதுவும் சேஸ் வண்டிதான், 210 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், பம்பர் பிளாஸ்டிக் ஒரு மூட்டையில் உரசினால் கையால் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போய் நிதானமாக டீ குடிக்கலாம். முரட்டு வண்டி என்றால் எனக்கு அர்த்தம் இதுதான், பாறை ஏறுவது இல்லை.

குறையும் சொல்கிறேன். டிக்கி வெறும் 208 லிட்டர், ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் இதே பேச்சு. ஹைவேயில் லாரியை ஓவர்டேக் பண்ண முன்கூட்டியே யோசிக்கணும். ஆட்டோமேட்டிக்கில் நாலே கியர், மலை ஏற்றத்தில் எந்தக் கியர் என்று அதுவே குழம்பும், மேனுவல் எடுங்கள். நாலு மீட்டருக்குள்தான் நீளம், ஆனாலும் பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியைத் தாண்டுவதால் 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனபோதும் இதற்கு 40. எனக்கு அதில் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஆள் அதிகம் உள்ள வீடு என்றால் ஐந்து கதவு தார் ராக்ஸ் பாருங்கள், பாரத் என்கேப் என்கிற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மூன்று கதவு தார் மட்டும் வேண்டாம். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி ஏறணும், சேலை கட்டிய அத்தையை அதில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அடுத்த நாள் கோயிலுக்கு அவர் ஆட்டோ கூப்பிடுவார்.

மச்சான், ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் ஒரு ரவுண்டு விட்டுக் காட்டுவார்கள். பைபாஸில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அத்தையைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள், காலை பதினோரு மணிக்கு லீ பஜார் வழியாகக் கடை வரைக்கும் ஓட்டுங்கள், கடை வாசலில் நிறுத்தி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கணக்குப் பாருங்கள். வண்டி ஞாபகமே வராமல் பார்க்க முடிந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், எந்தக் கம்பெனி ஆனாலும் சரி.