கேமராவைப் பகிரலாம், அட்மின் உரிமையை ஏன் பகிர வேண்டும்?
ஒரே கட்டடத்தில் பல நிறுவனங்கள் இருந்தால் எல்லாருடைய கேமரா, கதவுப் பூட்டு, அலாரம் அத்தனையையும் ஒரே சர்வருக்குள் கொண்டுவந்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த சர்வர் படுத்துவிட்டால் எல்லாரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்களே! அதற்கு யார் அட்மின் என்றும் கட்டுரையில் இல்லை. அவரவர் சிஸ்டம் அவரவரிடமே இருக்கட்டும், தேவையானதை மட்டும் பகிர்ந்தால் போதும். ஜெனெடெக் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளில் இதை ஃபெடரேஷன் என்பார்கள், மைல்ஸ்டோன் நிறுவனத்தின் மென்பொருளில் இன்டர்கனெக்ட். உரிமையாளரின் லாபி கேமராவை வாடகைக்கு இருப்பவர் தன் திரையில் பார்க்கலாம், அதன் செட்டிங்கில் கைவைக்க முடியாதபடி வைத்துக்கொள்ளலாம்.

ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொதுத் தர அமைப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வேறு வேறு கம்பெனி கேமராவும் மென்பொருளும் பேசிக்கொள்ள அது உதவும், சரி. ஆனால் ஓர் அலாரத்தை இந்தப் பக்கம் ஒருவர் ‘பார்த்தாச்சு’ என்று அழுத்தினால் அந்தப் பக்கமும் அணைய வேண்டுமா? அதை நாம்தான் பேசி எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் போவார் என்று இவரும் இவர் போவார் என்று அவரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம், இரண்டு பக்க நேரமும் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களைச் சரிசெய்யும் முறை) வைத்து ஒத்துப்போகாவிட்டால் பதிவுகளை ஒப்பிடுவது பெரும்பாடு.

தீ அலாரத்தை மட்டும் நெட்வொர்க்கை நம்பி விடாதீர்கள். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுத்து, காந்தப் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும்படி செய்யுங்கள், மின்சாரம் போனால் பூட்டு தானே விட்டுவிடும். பழைய முறைதான், ஆனால் மென்பொருள் அப்டேட்டில் கெட்டுப்போகாது.