சூடு வருகிறது, போகிறது

(மும்பை, மாட்டுங்கா. ஜூலை மழை. மூன்றாவது மாடி வீட்டில் கதவு, நாற்காலி, ஜன்னல் கம்பி என்று எங்கும் ஈர வேட்டிகள். தாராவியிலிருந்து எலெக்ட்ரீஷியன் செல்வம் பையோடு வந்து நிற்கிறார்.)

மாமி: வா செல்வம். துணி காயவைக்கிற இந்த டிரையர் ஒரு நேரம் கொதிக்கிறது, ஒரு நேரம் சில்லென்று சும்மா சுற்றுகிறது. மாமாவின் சுபாவம் இதற்கும் தொற்றிவிட்டது.

செல்வம்: போன சூடு திரும்பி வருகிறதா, மாமி?

மாமி: வருகிறது. கொஞ்ச நேரம் ஊமையாகச் சுற்றும். பிறகு திடீரென்று ஞானம் வந்ததுபோல் அனல் வீசும்.

செல்வம்: அப்படியானால் சூடு தருகிற கம்பிச்சுருள், அதாவது எலிமென்ட், பிழைத்தது. அது அறுந்தாலோ, உள்ளே இருக்கிற வெப்ப ஃபியூஸ் போனாலோ, சூடு போனது போனதுதான்.

மாமி: சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்கிறார் மாமா. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டால் போதுமாம்.

செல்வம்: மாமாவுக்கு எலெக்ட்ரிகல் வேலை தெரியுமா?

மாமி: ஆபீஸில் கணக்கு எழுதினவர். கரண்ட் பில்லைக் கூட்டத் தெரியும்.

செல்வம்: நேராக முறுக்கினால் துணியும் காயும், வீடும் காயும். பிளக்கைக் காட்டுங்கள். 16 ஆம்பியர் பெரிய பிளக். 2000 வாட் இழுக்கிற இயந்திரத்துக்கு இதுதான் சரி. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாமல் இருந்தீர்களே!

மாமி: மாமா மாட்டினார். பிளாஸ்டிக் உருகி நாற்றம் வந்ததும் நான்தான் பிடுங்கினேன்.

செல்வம்: (இயந்திரத்தை நகர்த்தி) பின்னால் இருக்கிற குழாய் எங்கே போகிறது?

மாமி: பால்கனிக்கு வெளியே.

செல்வம்: (எட்டிப் பார்த்து) இதென்ன, குழாய் வாயில் கொசுவலையா?

மாமி: புறா கூடு கட்டுகிறது என்று மாமா கட்டினார். இரட்டை முடிச்சு.

செல்வம்: விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு அப்பியிருக்கிறது, பாருங்கள். மாமாவின் பனியன் நூல்கூட இருக்கிறது. ஈரக் காற்று வெளியே போக வழியில்லை. உள்ளே சூடு அளவு மீறி ஏறுகிறது. உடனே தெர்மோஸ்டாட் சூட்டை வெட்டிவிடுகிறது, டிரம் மட்டும் சுற்றுகிறது. ஆறியதும் மறுபடி சூடு வருகிறது. பாவம், மாமா எறியச் சொன்ன தெர்மோஸ்டாட்தான் இத்தனை நாளும் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

மாமி: (ஹாலை நோக்கி, உரக்க) கேட்டீர்களா? உங்கள் கொசுவலைதான்! வீட்டையே கொளுத்தப் பார்த்தீர்கள்!

செல்வம்: பொறுங்கள், மாமி. குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்துவிடுவோம். (ஓட்டி, பின்பக்கம் கையை வைத்து) பரவாயில்லை, ஆனால் காற்று இன்னும் பலமாக வரவில்லை. பஞ்சு வடிகட்டியைப் பார்க்க வேண்டும்.

மாமி: அதெல்லாம் எதற்கு? கொசுவலைதான் என்று நீயே சொல்லிவிட்டாயே!

(செல்வம் வடிகட்டியை இழுக்கிறார். வரவில்லை. மறுபடி இழுத்ததும் ஒரு சின்னத் தலையணையே கூட வருகிறது.)

செல்வம்: மாமி!

மாமி: மெதுவாகப் பேசு. கார்த்திகைக்குத் திரி திரிக்கலாம் என்று சேர விட்டிருக்கிறேன். கடையில் பஞ்சு என்ன விலை விற்கிறது தெரியுமா?

செல்வம்: இது சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, மாமி.

மாமி: திரி தீப்பிடிக்கத்தானே வேண்டும்?

செல்வம்: விளக்கில் பிடிக்கட்டும், டிரையருக்குள் வேண்டாம். ஒவ்வொரு தடவை துணியை எடுத்ததும் இதை வழித்துப் போட்டுவிட வேண்டும். போதாததற்கு இதில் பாதி பாலியஸ்டர்.

மாமி: மாமாவின் சட்டையாகத்தான் இருக்கும். சாமி விளக்குக்குக்கூட உதவாது. சரி, புறாவுக்கு என்ன வழி?

செல்வம்: காற்று வந்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் மூடி கிடைக்கிறது. நாளைக்கு வாங்கி வந்து மாட்டுகிறேன்.

(ஹாலிலிருந்து மாமாவின் குரல்: "பஞ்சு, திரி என்று ஏதோ காதில் விழுந்ததே?")

மாமி: கொசுவலை! முழுக்க முழுக்கக் கொசுவலை! (குரலைத் தாழ்த்தி) செல்வம், காபி கலக்கட்டுமா?

செல்வம்: கூட இரண்டு வடையும் இருந்தால் நான் பஞ்சையே பார்க்கவில்லை, மாமி.